பயன்படும் ஒரே பாத்ரூமை உடைக்கும்போது: வீல்சேரில் வாழும் வாடகைதாரர் வீட்டில் 15 நாள் பிளம்பிங் வேலை

சென்னையில், கார் நிறுத்தும் தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி கொண்ட பழைய அடுக்ககம். இரண்டாவது மாடியில் இரண்டு பெட்ரூம் வாடகை வீடு. குடியிருப்பவர் 38 வயதுப் பெண். முதுகுத்தண்டில் டி-4 மட்டத்தில் (மார்புப் பகுதியில் மேலிருந்து நான்காவது எலும்பு) முழுக் காயம். கைகளில் பலம் உண்டு, மார்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறார். உடன் இருப்பது 66 வயது அம்மா. வீட்டுக்காரர் வேறு ஊரில் இருக்கிறார். கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் ஈரம் படர்ந்து பூச்சு உதிரத் தொடங்கியதும், அடுக்ககச் சங்கச் செயலாளர் வழியாகப் புகார் வருகிறது. இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. சென்னை வாடகை வீடுகளில் திரும்பத் திரும்பக் காணும் அமைப்பையும் சிக்கல்களையும் ஒரே வீட்டில் சேர்த்து வைத்து எழுதிய மாதிரி ஆய்வு.

புகார் வந்ததும் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாள் ஆகும், எவ்வளவு ஆகும்?" இந்த வீட்டில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பெண் எத்தனை மணி நேரம் கழிவறை இல்லாமல் இருக்க வேண்டிவரும்? வேலையின் வரிசை, ஆட்கள் வரும் நேரம், எந்த வால்வை எப்போது மூடுவது என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

உடம்பின் நேரக்கணக்கு

முதுகுத்தண்டில் இப்படி முழுக் காயம் உள்ளவருக்குச் சிறுநீர் வந்தது தெரியாது. பலர் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றுவார்கள். இதைக் கட்டிலிலோ வீல்சேரிலோ இருந்தபடி செய்துவிடலாம்; கழிவறை கட்டாயம் இல்லை. ஆனால் கை கழுவச் சுத்தமான தண்ணீரும், தாழ்ப்பாள் போட்ட அறையும் வேண்டும். மலம் கழிப்பது அப்படியல்ல. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரத்தில், மருந்தோ விரலோ கொண்டு குடலைத் தூண்டிச் செய்வது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். நேரம் தவறினால் அடுத்த சில நாட்களுக்குக் குடல் ஒழுங்குக்கு வராமல் போகலாம்.

டி-6 மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறுநீர்ப்பை நிரம்பிக் கிடந்தாலோ மலம் இறுகிக் கிடந்தாலோ ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை வெடிப்பது போல வலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேற்பட்ட பகுதியில் வியர்வை ஆகியவை அறிகுறிகள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, முதலில் சிறுநீர்ப்பையையும் அடுத்துக் குடலையும் பார்க்க வேண்டும். அடங்கவில்லை என்றால் 108. இந்த வாடகைதாரரின் காயம் டி-4, அதாவது டி-6-க்கு மேலே. அதனால் "ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று யாரும் இவரிடம் சொல்லக் கூடாது. மேஸ்திரிக்கு இந்த மருத்துவம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை; குறித்த நேரத்தில் வழியும் தண்ணீரும் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இந்த வீட்டின் கணக்கு இப்படி: கதீட்டர் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. குடல் வேலை ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 6:30 முதல் 7:30 வரை. அப்போதே குளியலும். ஆட்கள் 10 மணிக்கு வந்து 5 மணிக்குப் போவதாக இருந்தால் இந்தக் கணக்கோடு மோதல் இல்லை. காலை 7 மணிக்கே மூட்டை சுமக்க ஆள் வந்து நின்றால் எல்லாம் குலைந்துவிடும். வேலை நேரத்தை எழுத்தில் முடிவு செய்வது இதற்காகத்தான்.

"இன்னொரு பாத்ரூம் இருக்கிறதே!"

வீட்டுக்காரரின் இயல்பான பதில் இது. அவர் தப்பெண்ணத்தோடு சொல்வதில்லை. டேப் வைத்து அளந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பெட்ரூமோடு சேர்ந்த பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி. கதவு அகலமானது, வெஸ்டர்ன் கமோடு, இரண்டு கைப்பிடிக் கம்பி, கை ஷவர். இவர் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கதவுக்காக. ஹாலில் இருக்கும் பொது பாத்ரூம் 4 அடிக்கு 7 அடி, இந்தியன் டாய்லெட். கதவுச் சட்டம் வெளி அளவில் இரண்டரை அடி என்றாலும், சட்டத்துக்குச் சட்டம் உள்ளே 645 மி.மீ. மட்டுமே. கதவு திறந்து நிற்கும்போது பலகையின் தடிமனும் சேர்ந்து 615 மி.மீ. ஆகிறது. வீல்சேரின் வெளி அகலம் 630 மி.மீ. அதற்கு மேல், வாசலில் ஹால் தரைக்கு மேலே 15 மி.மீ. எழும்பிய கிரானைட் படி. அதைத் தாண்டினால் தரை ஹாலைவிட 40 மி.மீ. பள்ளம். நடப்பவர் கவனிக்கவே மாட்டார். வீல்சேரின் முன் சக்கரம் அங்கே குத்தி நின்றுவிடும். உடலை நிமிர்த்திப் பிடிக்க வயிற்றுத் தசை வேலை செய்யாதவர் முன்னால் கவிழ்ந்து விழுவார்.

ஆகவே முதல் வேலை இந்தப் பொது பாத்ரூமைத் தயார் செய்வது. செலவு அதிகமில்லை, ஒன்றரை நாள் போதும்.

கதவுப் பலகையைக் கீலோடு கழற்றிவிட்டுக் கனமான திரை போட வேண்டும். 615 உடனே 645 ஆகும். 630 மி.மீ. வீல்சேர் நூலிழையில் நுழையும், ஆனால் தள்ளும் வளையத்தில் இருக்கும் விரல்கள் சட்டத்தில் உரசும். உணர்வுள்ள கைகள் என்பதால் வலி தெரியும். வலி தெரியாத முழங்கால் உரசினால் யாருக்கும் தெரியாது. எனவே வீல்சேரை அங்கே கொண்டுபோகாமல், நான்கு சிறு சக்கரம் உள்ள, 550 மி.மீ. அகலக் கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது. வீட்டு மருத்துவச் சாதனங்கள் வாடகைக்கு விடும் கடைகளில் மாதக் கணக்கில் கிடைக்கும். அறையின் சமதளத்தில் கட்டிலிலிருந்து அதில் மாறிக்கொண்டு, அம்மா தள்ளிக்கொண்டு போகலாம். இருக்கை பஞ்சு வைத்ததாக, விரிசல் இல்லாததாக இருக்க வேண்டும். சக்கரம் நான்கிலும் பூட்டு வேலை செய்ய வேண்டும். வெறும் பிளாஸ்டிக் வளையத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் படுக்கைப்புண் தொடங்க அதுவே போதும். பஞ்சு இருக்கையிலும் கால் மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி எழும்பி அழுத்தத்தை எடுக்க வேண்டும்.

40 மி.மீ. பள்ளத்துக்குச் சரிவுப் பலகை போடுவது பலருக்கும் தோன்றும் வழி. 12-க்கு 1 என்ற சரிவு விகிதத்தில் 480 மி.மீ. நீளப் பலகை போதும்தான். ஆனால் சிறிய பாத்ரூமில் சரிவு முடியும் இடத்தில் நாற்காலி சமமாக நிற்க இடமிருக்காது, ஈரத்தில் வழுக்கும், 66 வயது அம்மா இறக்கத்தில் பிடித்து நிறுத்த வேண்டிவரும். இதைவிட மேடை நல்லது. 18 மி.மீ. மெரைன் பிளைவுட்டை 20 மி.மீ. உயர அலுமினியச் சதுரக் குழாய்களின் மேல் திருகினால் 38 மி.மீ. வரும், ஹாலுக்கு ஏறக்குறையச் சமம். வாசலிலிருந்து பீங்கானின் முன் விளிம்பு வரை, 2 அடிக்கு 4 அடியாக இரண்டு துண்டுகள். 8-க்கு 4 ஷீட்டில் பாதி போதும். தண்ணீர் இறங்க 12 மி.மீ. துளைகள், வெட்டு விளிம்புகளுக்கு எனாமல் பெயிண்ட், மேலே ரப்பர் மேட் அல்லது ஈரப் பெயிண்டின் மேல் மணல் தூவிய பரப்பு. அலுமினியக் குழாய்களைத் தண்ணீர் ஓடும் திசையிலேயே வைக்க வேண்டும். குறுக்கே வைத்தால் அழுக்குத் தண்ணீர் தேங்கி இரண்டு நாளில் நாறும். கிரானைட் படியின் இரு பக்கமும் 150 மி.மீ. அகல ரப்பர் ஆப்பு. நாற்காலி மேடையில் நிற்கும், அதன் தட்டைப் பின்னால் இருக்கும் பீங்கானில் கொட்டிக் கழுவலாம். நாற்காலியை இந்தியன் டாய்லெட்டுக்கு நேர் மேலே நிறுத்தப் பார்க்கக் கூடாது: சக்கரங்கள் பீங்கான் விளிம்பில் ஏறி இறங்கும், குறியும் தவறும்.

படுக்கையறையிலேயே கமோடு நாற்காலியை வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். இரவு அவசரத்துக்குப் போதும். பதினைந்து நாள் வழக்கமாக அதைச் செய்யச் சொல்வது சரியில்லை. மலம் கழித்த பின் கழுவத் தண்ணீர் வேண்டும், குளிக்க வேண்டும், அறைக்குள்ளேயே சாப்பிடவும் வேலை பார்க்கவும் வேண்டும். வாடகை கொடுக்கும் ஒருவருக்குக் கதவு போட்ட கழிவறையின் மரியாதை போகக் கூடாது.

வெந்நீர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. கீசர் உடைபடும் பாத்ரூமில்தான் இருக்கிறது. உடனே பக்கெட்டில் வாட்டர் ஹீட்டர் ராடு போடுவது நம் வீடுகளின் பழக்கம். இந்த வீட்டில் அது கூடவே கூடாது. கால்களுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரியவரும். மின் அதிர்ச்சி அபாயம் வேறு. அடுப்பில் வெந்நீர் வைத்து, பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற வரிசையில் கலந்து, தெர்மாமீட்டரில் 40 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் தவிர்க்க 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் ஒன்றைத் தற்காலிகமாகப் பொது பாத்ரூமில் மாட்டலாம். அதற்குத் தகுந்த பிளக் பாயிண்டும் எர்த்தும் அங்கே இருந்தால் மட்டும்.

எல்லாம் தயாரானதும் பழைய பாத்ரூமை உடைக்கக் கூடாது. குறைந்தது இரண்டு குடல் வேலைகள், அதாவது நான்கு நாள், அவர் புதிய ஏற்பாட்டைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் கை ஊன்ற இடமில்லை, மக் எட்டவில்லை, மேடை ஆடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். பழைய கழிவறை உயிரோடு இருக்கும்போது வெளிவந்தால் அது சின்னத் திருத்தம். உடைத்த பிறகு வெளிவந்தால் நெருக்கடி.

கசிவு எங்கே என்று தெரியாமல் உளி வைக்கக் கூடாது

கீழ்வீட்டில் ஈரம் என்றாலே மேல்வீட்டு பாத்ரூமை முழுசாகப் பெயர்ப்பது மேஸ்திரிகளின் வழக்கம். கமோடின் பின்பக்க இணைப்பு மட்டும் தளர்ந்திருந்தால் அது அரை நாள் வேலை. பதினைந்து நாள் தேவையா அரை நாள் போதுமா என்பது இந்த வாடகைதாரருக்கு மிகப் பெரிய வித்தியாசம். ஆகவே சோதனைக்கு நேரம் செலவழிக்கலாம்.

வரிசை இது. முதலில் தண்ணீர் வரும் குழாய்: அந்த பாத்ரூமின் இணைப்பைக் கைப் பம்பால் அழுத்தி, அழுத்தமானி முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. இறங்கினால் கசிவு சுவருக்குள் இருக்கும் வரத்துக் குழாயில். இறங்கவில்லை என்றால் அடுத்தது கமோடு: ஃப்ளஷ் டேங்கில் சாப்பாட்டு நிறம் கலந்து பலமுறை இழுத்துவிட்டு, கீழ்வீட்டுச் சீலிங்கில் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது தரை: தரைத் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பை அடைத்து, 25 மி.மீ. தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விடுவது. இந்த மூன்றாவது சோதனையே கழிவறையை ஒரு நாள் பறித்துவிடும். குடல் வேலை முடிந்த காலை 8 மணிக்குத் தேக்கினால், அடுத்த குடல் வேலைக்கு முன் 46 மணி நேரம் கிடைக்கும். இந்த ஒரு குறிப்பை மேஸ்திரியிடம் சொல்லாவிட்டால் அவர் தனக்கு வசதியான நாளில்தான் வருவார்.

இந்த வீட்டில் தரைதான் தோற்கிறது. நஹானி டிராப்பைச் சுற்றிய இணைப்பு விட்டு, பாத்ரூம் தரைக்குக் கீழே குழாய்கள் ஓடும் ஒரு அடிப் பள்ளத்தில் நிரப்பியிருக்கும் செங்கல் ஜல்லி முழுக்கத் தண்ணீர் குடித்திருக்கிறது. மேலே ஓட்டையை அடைத்து, இடுக்குகளில் கெமிக்கல் ஊற்றினால் சில மாதம் ஓடும். மறுபடி கசியும்போது மறுபடி பொது பாத்ரூம், மறுபடி மேடை. முழுசாக எடுத்துச் செய்வதே சரி.

யார் செலவு, யார் பொறுப்பு

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டுமானப் பழுதும் குழாய்களை மாற்றுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு; டேப் வாஷர், டேப் மாற்றுவது, வடிகால் அடைப்பு எடுப்பது, கமோடு, வாஷ் பேசின் சில்லறைப் பழுது வாடகைதாரர் பொறுப்பு என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரிக்கிறது. நஹானி டிராப், வாட்டர் புரூஃபிங், பள்ளத்தின் நிரப்பு எல்லாம் சந்தேகமில்லாமல் வீட்டுக்காரர் கணக்கு. உள்ளே வருவதற்கு 24 மணி நேர முன்னறிவிப்பு அவர் தர வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. நியாயமான வசதி ஏற்பாடுகளை உறுதிசெய்யும் கடமையை அரசின்மேல் வைக்கிறது. தனிநபர் வீட்டுக்காரர் மேடைக்கும் கமோடு நாற்காலிக்கும் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று இதைக் காட்டி வாதாடுவது நீண்ட வழக்காகும். அதற்குப் பதிலாகக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். வேலை முடியும்வரை குடும்பத்தை வீல்சேர் நுழையும் ஹோட்டல் அறையில் தங்க வைக்கும் செலவில் சிறு பகுதிதான் அரை ஷீட் பிளைவுட்டும் ஒரு மாத நாற்காலி வாடகையும். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அந்தக் கணக்கைப் பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள். பயன்படாத பாத்ரூமுக்கும் அறைக்கும் அந்த நாட்களுக்கு வாடகையில் கழிவு கேட்பதும் நியாயமே.

ஒரு எச்சரிக்கை. வேலை முடியும்வரை வெளியே தங்க வாடகைதாரர் சம்மதித்தால், குடியிருப்பு தொடர்கிறது, சாவி அவரிடமே இருக்கும், இந்தத் தேதியில் திரும்புவார் என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். காலி செய்தால்தான் பழுது பார்க்க முடியும் என்பது வெளியேற்றத்துக்கான காரணங்களில் ஒன்றாக அதே சட்டத்தில் இருக்கிறது. வீல்சேர் நுழையும் கதவு கொண்ட வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு அரிது என்று தேடியவர்களுக்குத் தெரியும். வாய்வார்த்தையை நம்பி அதை விட்டுவிடக் கூடாது.

வீட்டுக்காரர் அனுப்ப வேண்டிய தகவல் வாட்ஸ்அப்பில் இப்படி இருந்தால் போதும்:

"மேடம், வணக்கம். உங்கள் பெட்ரூம் பாத்ரூம் வேலை வரும் திங்கள் தொடங்கும். ஆட்கள் காலை 10 மணிக்கு முன் வர மாட்டார்கள், மாலை 5 மணிக்குள் போய்விடுவார்கள். முதல் நாள் 10:30 முதல் 12:30 வரை மட்டும் பாத்ரூம் லைன் தண்ணீர் நிற்கும். அதற்குப் பிறகு ஹால் பாத்ரூமில் எப்போதும் தண்ணீர் இருக்கும். வேலை 15 நாள், தாமதமானால் 20 நாள். பலகை மேடை, நாற்காலி வாடகை என் செலவு. வேலை முடியும்வரை வாடகையில் கால் பங்கு கழித்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி நம்பர் அனுப்பியிருக்கிறேன். எந்த நேரம் வேண்டுமானாலும் என்னையும் கூப்பிடலாம்."

15 என்று கணக்கிட்டாலும் 20 என்றும் சொல்லிவைப்பது அவசியம். கதீட்டர், மருந்து, டயப்பர் போன்றவற்றை அவர் அந்தக் கணக்கில்தான் வாங்கி வைப்பார்.

உடைப்பதற்கு முன்

பெட்ரூமோடு சேர்ந்த பாத்ரூம் என்பதால் அந்த அறைதான் ஆட்களின் நடைபாதை. கட்டிலை அம்மாவின் அறைக்கு மாற்ற வேண்டும். காற்று மெத்தை பயன்படுத்தினால் அதன் பம்ப் எந்த பிளக்கில் இருக்கிறது, அந்த பிளக் எந்த சர்க்யூட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கீசர் லைனை நிறுத்துகிறேன் என்று எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கினால் மெத்தை காற்றிறங்கித் தட்டையாகிவிடும். புதிய அறையில் பம்புக்குத் தனி பிளக், மேலே ஒட்டிய காகிதம்: "நிறுத்தாதீர்கள்."

அடுத்தது அளவெடுப்பு. இதில் சோம்பல் பட்டால் வேலை முடிந்த அன்று தெரியும். ஹால் தரையைப் பூஜ்யமாக வைத்து, பாத்ரூம் சுவரில் ஒரு மீட்டர் உயரத்தில் லெவல் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து பழைய தரை, கமோடு இருக்கையின் மேல்மட்டம், கைப்பிடிக் கம்பிகள், ஹெல்த் ஃபாசெட் கொக்கி, கை ஷவர் கொக்கி, டேப் எல்லாவற்றின் உயரமும். கமோடின் நடுக்கோட்டுக்கும் பக்கச் சுவருக்கும் உள்ள தூரம், கமோடின் திறந்த பக்கத்தில் வீல்சேர் நிற்கும் இடத்தின் அகலம். ஒவ்வொன்றுக்கும் டேப் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. கமோடைக் கழற்றினால் அதே மாடலைத்தான் திரும்ப வைக்க வேண்டும். புதியதுதான் என்றால் இருக்கை உயரம் பழையதை ஒட்டி, 450 முதல் 480 மி.மீ. எல்லைக்குள் இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கமோடு நாற்காலியைக் கமோடுக்கு மேலேயே நகர்த்திப் பயன்படுத்துபவர் என்றால் நாற்காலிச் சட்டத்தின் அடி உயரத்தையும் அளக்க வேண்டும். தரை 20 மி.மீ. ஏறி, புது கமோடு இன்னும் 20 மி.மீ. உயர்ந்தால் நாற்காலி மேலே நகராது. புத்தம் புது பாத்ரூம் அவருக்குப் பயன்படாத பாத்ரூமாகும்.

வேலை நாட்கள்

முதல் நாள் உளியைத் தொடுவதற்கு முன் வால்வு. மொட்டை மாடி டேங்கிலிருந்து இறங்கும் பாத்ரூம் லைன் இரண்டு பாத்ரூமுக்கும் பொது. உடைபடும் பாத்ரூமுக்குப் பிரியும் இடத்தில் ஒரு பால் வால்வு போட்டுவிட்டால், பிறகு அந்தப் பக்கம் மட்டும் மூடிக்கொள்ளலாம். இதைச் செய்யாத வேலைகளில் பிளம்பர் ஒவ்வொரு இணைப்புக்கும் மாடிக்குப் போய் மெயின் வால்வை மூடுவார். போகும்போது திறக்க மறப்பார். சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்களை ஒட்டும் பசை காய, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கொடுக்க வேண்டும். அதற்குள் தண்ணீரைத் திறந்தால் இணைப்பு பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் நிற்கும் இரண்டு மணி நேரத்துக்கு, குழாய் வைத்த 20 லிட்டர் கேன் ஒன்றை மடி உயர ஸ்டூலில் வைத்தால் கை கழுவும் தண்ணீர் யாரையும் எதிர்பார்க்காமல் கிடைக்கும். நிரம்பிய பக்கெட்டை வீல்சேரில் இருப்பவர் தூக்க முடியாது.

கமோடைக் கழற்றியதும் தரையில் திறந்து நிற்கும் கழிவுக் குழாயில் உடனே மூடி போட வேண்டும். சிமென்ட் சாக்கையோ துணியையோ திணிப்பார்கள்; உடைக்கும்போது கல் விழுந்து அதையும் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். செங்குத்துக் குழாயில் அடைப்பு விழுந்தால் பொது பாத்ரூமும் கீழ்வீடுகளும் சேர்ந்து நிற்கும். 110 மி.மீ. குழாய்க்கான எண்ட் கேப் ஒன்று இந்த அபாயம் முழுவதையும் தீர்க்கிறது.

பள்ளத்திலிருந்து வெளியேறும் ஈரக் குப்பை, டைல்ஸோடு சேர்த்துச் சுமார் 2 டன். 25 கிலோ மூட்டைகளாக 80 வரும். லிஃப்ட்தான் இந்தப் பெண்ணுக்கு ஒரே வெளிவழி. ஆறு பேர் லிஃப்டில் 408 கிலோ வரைதான். ஆளோடு பத்து மூட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது. கதவு ஓடும் பள்ளத்தில் ஜல்லி விழுந்தால் லிஃப்ட் நின்றுவிடும். அதற்கு ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, ஒவ்வொரு நடைக்கும் பிரஷ்ஷால் கூட்ட வேண்டும். வீட்டுக்குள் மூட்டைகளை வரிசையாகச் சுவரோரம் அடுக்கி, 900 மி.மீ. வழியை எப்போதும் காலியாக விட வேண்டும். ஓஸ் பைப்பும் எக்ஸ்டென்ஷன் வயரும் அந்த வழியில் குறுக்கே கிடக்கக் கூடாது. டைல்ஸ் வெட்டுவது பால்கனியில், தண்ணீர் விட்டு. உலர்ந்து வெட்டினால் வரும் சிலிக்கா தூசி எல்லோருக்கும் கெடுதி, டி-4 காயத்தில் இருமிச் சளி வெளியேற்றும் தசைகளும் பலவீனம். பெட்ரூம் வாசலில் தரைவரை தார்ப்பாய்.

மூன்றாவது நாள் குழாய்கள்: கமோடுக்கு 110 மி.மீ., நஹானிக்கு 75 மி.மீ., பள்ளத்தின் அடியில் ஒரு சிறு வடிகால் குழாய் வெளிச்சுவர்வரை. நாளை எங்காவது கசிந்தால் கீழ்வீட்டுச் சீலிங்குக்குப் பதிலாக அந்தக் குழாயில் சொட்டுவது முதலில் தெரியும். குழாய்களில் தண்ணீர் நிரப்பி இணைப்புகளைத் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த வேலை. நான்கு, ஐந்தாம் நாட்களில் பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக. குழாய் தரையைத் துளைக்கும் இடங்களில் ஃபைபர் வலை. மூலைகளைக் கலவையால் வளைவாக்கி, சுவரில் முடிந்த தரைக்கு மேல் 300 மி.மீ. வரை. ஆறாம் நாள் உலர்வு. ஏழு, எட்டாம் நாட்கள் தண்ணீர் தேக்கம், 75 மி.மீ. ஆழம், 48 மணி நேரம்.

இந்த 48 மணி நேரத்தைத்தான் எல்லோரும் குறைக்கப் பார்ப்பார்கள். "பாவம், அவங்க கஷ்டப்படுறாங்க, சீக்கிரம் முடிச்சுடலாம்" என்று வாடகைதாரரின் பெயரைச் சொல்லியே குறைப்பார்கள். பொது பாத்ரூம் ஏற்பாடு ஒழுங்காக இருந்தால் இரண்டு நாள் கூடுதல் அவருக்குத் தாங்கக்கூடியது. டைல்ஸ் போட்ட பிறகு மறுபடி உடைப்பதுதான் தாங்க முடியாதது. நேரத்தைச் சேமிக்க வேறு இடம் இருக்கிறது: செங்கல் ஜல்லிக்குப் பதில் இலகுவான ஏ.ஏ.சி. கல் துண்டுகள் நிரப்பினால் சுமையும் நடையும் குறையும். சிமென்ட் கலவையில் டைல்ஸ் பதிப்பதற்குப் பதில் டைல் அட்ஹெசிவ் பயன்படுத்தினால் காயும் நாட்கள் குறையும்.

ஒன்பதாம் நாள் நிரப்பும் தரைக் கலவையும். பத்து, பதினொன்று அது இறுக. பன்னிரண்டாம் நாள் டைல்ஸ்: சொரசொரப்பான 300-க்கு 300. பெரிய டைல்ஸில் சரிவு திருத்தமாக வராது, டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் கிரவுட் கோடுகள் குறைவதால் பிடிப்பும் குறையும். சரிவு ஒரு மீட்டருக்கு 12 மி.மீ. போதும். மேஸ்திரி கைப்பழக்கத்தில் இரட்டிப்பாகக் கொடுப்பார். அதில் வீல்சேர் தானாக உருளும், இடம் மாறும் நொடியில் விலகும். வாசலில் படி வைக்காமல், கதவோரம் நீள வாக்கில் ஜாலி மூடிய வடிகால் வைத்தால் தண்ணீர் பெட்ரூமுக்கு வராது. அங்கே உயர வித்தியாசம் 12 மி.மீ.க்குள், அதுவும் சாய்த்துச் செதுக்கியதாக.

பதின்மூன்றாம் நாள் கிரவுட்டும் கைப்பிடிக் கம்பிகளும். இந்தச் சுவர் நாலரை அங்குலச் செங்கல். பிளாஸ்டிக் பிளக் போட்டுத் திருகினால் பார்க்க உறுதியாக இருக்கும், முழு உடலும் ஒரு கையில் தொங்கும்போது பிளக்கோடு வந்துவிடும். மறுபக்கம் வரை துளைத்துத் தகடு வைத்து போல்ட் போட வேண்டும், அல்லது துளையில் பசை நிரப்பி போல்ட்டைப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கர். குறைந்தது 110 கிலோ சுமை தாங்க வேண்டும். ஒரு ஆள் தொங்கிப் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். துளை போடுவதற்கு முன், சுவரை மூடும்போது எடுத்த குழாய் போட்டோவைப் பார்க்க வேண்டும். புதுக் குழாயிலேயே டிரில் இறங்குவது நடக்கிற விஷயம். துளைகளில் சிலிக்கான் வைக்காவிட்டால் வாட்டர் புரூஃபிங் அங்கே முடிந்தது.

பதினான்காம் நாள் கமோடு, திருகும் சிலிக்கானும் வைத்து. பக்கவாட்டில் ஏறி இறங்குபவரின் எடை கமோடை ஒரு பக்கமாகவே தள்ளும். வெள்ளை சிமென்ட் மட்டும் வைத்தால் விரிசல் விடும். பதினைந்தாம் நாள் காய.

திரும்பக் கொடுப்பது

பதினாறாம் நாள் முதலில் காலி வீல்சேரை விட்டுப் பார்க்க வேண்டும். பிரேக் போடாமல் கமோடு பக்கத்தில் நிறுத்தினால் உருளுகிறதா? வாசலில் முன் சக்கரம் தடுக்கிறதா? கிரவுட் நொறுங்குகிறதா? முன் சக்கரங்களின் எடை நாணய அளவு இடத்தில் இறங்குவதால், காலால் நடந்து பார்த்த சோதனை இங்கே போதாது. அடுத்து லெவல் கோட்டிலிருந்து பழைய அளவுகளோடு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பு. கீசர் தண்ணீரின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்து, தெர்மோஸ்டாட்டைக் குறைப்பது. அதன் பிறகே அவர் உட்கார்ந்து மாறிப் பார்ப்பது, அதுவும் மேஸ்திரி இன்னும் சம்பளப் பாக்கியோடு வீட்டில் இருக்கும்போது, அம்மாவோ வேறொருவரோ பக்கத்தில் நிற்க. ஷவர் கொக்கி நான்கு விரற்கடை உயரம் என்றால் அன்றே இறக்கிவிடலாம்.

அடுத்த இரண்டு வாரம் தினமும் இரவில் அவர் தொடைகளையும் பின்பக்கத்தையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்வது நல்லது. புது இருக்கை, புதுக் கம்பி, மாறிய உயரம் எல்லாம் தோலில்தான் முதலில் தெரியும். கீழ்வீட்டுச் சீலிங் உடனே காயாது. ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்து, வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். கோடு தாண்டிப் பரவவில்லை, நடு உலர்ந்து வெளுக்கிறது என்று தெரியும்வரை மேஸ்திரிக்குக் கடைசித் தவணை கொடுக்கக் கூடாது, கமோடு நாற்காலியைக் கடைக்குத் திருப்பக் கூடாது, ஹால் பாத்ரூம் மேடையையும் கழற்றக் கூடாது. அதன் பிறகு மேடைத் துண்டுகளை உலர்த்திக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம்; அவை வீட்டுக்காரர் சொத்து, ஆனால் அந்த வீட்டில் இவர் இருக்கும்வரை அங்கேயே இருக்கும் என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும்.